பிரேம் கடை அக்கா பார்த்த சுவர்கள்

கிளினிக்குக்குள் நுழைந்ததும் நாமெல்லாம் உட்கார நாற்காலி தேடுவோம். அக்கா சுவரைத் தேடுவார். எண் சீட்டை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, மாட்டியிருக்கும் சான்றிதழ்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிப்பார். படித்து முடித்த பிறகுதான் உட்காருவதா, வீட்டுக்குப் போவதா என்று முடிவாகும். நான் அவரோடு போனதில் இரண்டு முறை உட்காராமலேயே திரும்பியிருக்கிறோம். அதில் ஒரு முறை எனக்கு நல்ல காய்ச்சல்.

பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது மகளோடு சிங்கப்பூரில் இருக்கிறார். இதை எங்காவது படித்துவிட்டால் போன் போட்டு, எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பார். மலேசியாவில், ஜோகூர் மாநிலத்தில் எங்கள் ஊரான பத்து பாகாட்டில் அவருக்குப் பெயர் தேவைப்பட்டதும் இல்லை. பிரேம் கடை அக்கா என்றால் தபால்காரரில் இருந்து கோயில் குருக்கள் வரை எல்லாருக்கும் தெரியும். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர் என்றாலும் எங்கள் குருக்கள் முருகன் படத்துக்குச் சட்டம் போட அவரிடம்தான் போவார்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் அவர் கடை. முருகன், இருதய ஆண்டவர், சீனக் குடும்பங்களின் முன்னோர் படங்கள், பட்டமளிப்பு விழாவில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகள், அரசாங்க அலுவலகத்துக்கு சுல்தான் படம் என்று எல்லாம் அங்கே சுவரில் சாய்ந்து காத்திருக்கும். ஊரில் புதிதாகக் கிளினிக் திறக்கும் டாக்டர்களும் தங்கள் காகிதங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அங்கேதான் வருவார்கள். மற்றவர்களிடம் எந்தக் கலர் வேண்டும் என்று கேட்கும் அக்கா, டாக்டர்களிடம் மட்டும் கேட்க மாட்டார். அதற்கு அவரிடம் ஒரு சட்டதிட்டம் இருந்தது. பரீட்சை எழுதித் தேறி வாங்கிய காகிதத்துக்கு அகலமான மரச்சட்டம். இரண்டு நாள் ஓட்டலில் உட்கார்ந்து பேச்சைக் கேட்டுவிட்டு வாங்கிய காகிதத்துக்கு மெல்லிய கறுப்புச் சட்டம், அதுவும் ஒன்றிரண்டுக்கு மட்டும். வேறு கடைக்குப் போகிறேன் என்றால் தாராளமாகப் போகலாம்.

ஒரு முறை நான் கடையில் இருந்தபோது ஓர் இளம் டாக்டர் பதினான்கு காகிதங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். எல்லாவற்றுக்கும் தங்கக் கலர் வேண்டுமாம். அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான்கை ஒரு பக்கம் வைத்தார். மீதிப் பத்தையும் அடுக்கி, உறையில் போட்டு, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இதெல்லாம் அலமாரில பத்திரமா வைங்க டாக்டர். சிஜில் பென்யெர்தாஆன்தானே?"

கலந்துகொண்டதற்கான சான்றிதழுக்கு மலாயில் அதுதான் பெயர். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள்.

"அதுவும் கோர்ஸ்தான், அக்கா" என்றார் டாக்டர், கொஞ்சம் முகம் சிவந்து.

"கோர்ஸ்தான், இல்லன்னு சொல்லலயே. என் மவகூட வாங்கிருக்கா. ஓட்டப்பந்தயத்துல கடைசியா வந்தா. அத நான் மாட்டல."

டாக்டர் முதலில் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். நான்கு சட்டங்களோடுதான் போனார். ஒரு பெரிய ஆர்டரையே வாசலோடு வழியனுப்பிவிட்டு அக்கா ஒன்றும் நடக்காததுபோல ஆணி எடுக்கப் போனார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர் கணவர்தான் எனக்குச் சொன்னார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். மாமாவுக்கு இடது கண் தெரியாது. அதனால் ஆணியைக் கோணலாக அடிப்பார், அடித்துவிட்டு, "என் கண்ணுக்கு நேராத்தான் இருக்கு" என்பார். பல வருடங்களுக்கு முன்னால் அந்தக் கண் சிவந்து வலித்தபோது, ஊரில் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அந்த டாக்டர் அறையில் பதினொரு சட்டங்கள், எல்லாம் தங்கக் கலர். கண்ணைப் பற்றியும் அதில் இரண்டு காகிதம் இருந்ததாம். அவர் சொட்டு மருந்து கொடுத்து, குறையாவிட்டால் கண் நிபுணரிடம் போங்கள் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். இவர்கள் போகவில்லை. பதினொரு சட்டம் வைத்திருப்பவரைவிடப் பெரிய நிபுணர் எங்கே இருக்கப்போகிறார் என்று நினைத்துவிட்டார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருந்தது. நிபுணரிடம் போனபோது மாதங்கள் கடந்துவிட்டன.

"அவரு பொய் சொல்லல தம்பி. சாதாரண டாக்டர், நல்ல மனுஷன்" என்றார் மாமா. "ஆனா அந்தப் பதினோரு பிரேமும் போட்டது யாருன்னு நெனைக்கிற? இவதான். அவ போட்ட பிரேமப் பாத்து அவளே ஏமாந்துட்டா."

அன்றிலிருந்துதான் அக்கா காகிதத்தைப் படித்துவிட்டுச் சட்டம் போட ஆரம்பித்தார். புரியாத எழுத்துகளை டாக்டர்களிடமே கேட்டார். முதல் பட்டம் எல்லா டாக்டர்களுக்கும் உண்டு, அதற்கு மேல் ஒரே துறையில் பல வருடம் படித்துப் பரீட்சை தேறியவர்தான் நிபுணர், அவர் பெயரும் துறையும் நிபுணர்களுக்கான பதிவேட்டில் இருக்கும், அதைப் போனிலேயே யாரும் தேடிப் பார்க்கலாம் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் குணம் அவருக்குக் கிடையாது. சுகமில்லை என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "யார்கிட்ட காட்டுற? பேரு சொல்லு" என்று போனை எடுத்துவிடுவார். கருத்தரிப்பு நிபுணரில் இருந்து கால் ஆணி வெட்டுகிறவர் வரை யாரையும் விட்டுவைத்ததில்லை.

சும்மா குறை கண்டுபிடிக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் எங்கள் குடும்ப டாக்டரின் கிளினிக் சுவரில், தொழில் செய்வதற்கான அனுமதிக் காகிதம் போன வருடத்துடையதாக இருந்தது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது அது. அக்கா கதவைத் தட்டி உள்ளே போய்க் கேட்டார். டாக்டர் பதறிப்போய் மேசை இழுப்பறையில் தேடினார். புதியது வந்து மூன்று மாதமாக ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்கு அடியில் கிடந்தது. அக்கா அதை வாங்கிக்கொண்டு போய் மறுநாள் சட்டம் போட்டு, மாமாவைக் கூட்டிவந்து மாட்டிக் கொடுத்தார். அதுவும் கோணல்தான். இன்னும் அப்படியேதான் தொங்குகிறது.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை நகராது. வாரநாட்களில் நான் தையல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். சனி ஞாயிறுகளில் மைக் பிடிப்பவன். ஜோகூரில் கல்யாண விருந்து, கோயில் ஆண்டு விழா, பள்ளிப் பரிசளிப்பு என்றால் அறிவிப்பாளராக என்னைக் கூப்பிடுவார்கள். என் குரலைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனால் சொல்கிறேன்: மைக் கெட்டுப்போனாலும் கடைசி மேசைக்குக் கேட்கும். என் மனைவி என்னைக் கட்டிக்கொண்டதே குரலைக் கேட்டுத்தான். முகத்தைப் பிறகுதான் பார்த்தாள்.

அறிவிப்பாளனுக்குக் குரல் பாதி, மீதிப் பாதி பட்டங்கள். வந்திருக்கும் பெரிய மனிதர்களில், சுல்தான் கொடுக்கும் பட்டத்தில் யார் டத்தோ, யார் டத்தோ ஸ்ரீ, யார் பெயருக்கு முன்னால் டாக்டர் வரும், எது முதலில் வரும் என்று பிசகாமல் சொல்ல வேண்டும். ஒருவருடைய டத்தோவை விழுங்கிவிட்டால் அடுத்த வருடம் அந்த ஊரில் நமக்கு வேலை கிடையாது. இருபது வருடம் இதையே செய்ததில், நீளமான பட்டம் வைத்திருப்பவர் பெரிய ஆள் என்று என் மூளை அப்படியே நம்பிவிட்டது.

ஒரு கல்யாண விருந்தில் நான் மூச்சுப் பிடித்து ஒரு டத்தோ டாக்டரை வரவேற்றுவிட்டுக் கீழே இறங்கினேன். அக்கா கையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, அவரு எதுல டாக்டர்?"

"சமூக சேவைக்குக் குடுத்த பட்டம் அக்கா."

"ஊசி போடுவாரா?"

"மாட்டாரு."

"அலமாக்! அப்ப யாருக்காவது கோழி எலும்பு தொண்டைல மாட்டுனா நீ மைக்ல இவரயா கூப்புடுவ?"

பக்கத்து நாற்காலிக்காரர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம்தான். என் தொழிலையே கிண்டல் செய்கிறாரே என்று இரண்டு வாரம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை.

அந்த வருடம் தீபாவளி விருந்து ஒன்றுக்குக் கிளம்பும்போது சட்டையின் மேல் பொத்தான் மாட்ட மறுத்தது. மனைவி பொத்தானைப் போட வந்தவள், "என்னங்க இது, கழுத்துல?" என்றாள். தைராய்டில் ஒரு கட்டி. ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்தார்கள். சந்தேகமாக இருக்கிறது, அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்கள். அதுவரைக்கும் தாங்கிக்கொண்டேன். அதற்கு அடுத்துச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. குரலுக்குப் போகும் நரம்பு அந்தத் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஓடுகிறதாம். அதில் கத்தி பட்டால் குரல் கட்டிப்போகும்.

கட்டி புற்றாக இருந்தால் என்ன ஆகும் என்று மனைவி அழுதாள். எனக்கு அந்தப் பயம்கூட இரண்டாவதுதான். குரல் இல்லாமல் நான் எப்படி நானாக இருப்பேன் என்பதுதான் முதல் பயம். வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

யாரிடம் போவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜோகூர் பாருவில் தனியார் மருத்துவமனையில் ஒரு டத்தோ டாக்டர் இருந்தார். அறுவை மருத்துவர். அவரை நான் மூன்று விழாவில் மேடைக்கு அழைத்திருக்கிறேன். பட்டங்களைச் சொல்லி முடிக்கவே மூன்று மூச்சு வேண்டும். அவரிடமே கழுத்தைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, என் சித்தப்பா படத்தைச் சட்டம் போடக் கொடுக்கப் போனபோது பெருமையாக அக்காவிடம் சொன்னேன்.

அக்கா போனை எடுத்தார். பதிவேட்டில் பெயரைத் தட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"இருக்காரு" என்றார். "நெசமான சர்ஜன்தான், பழைய ஆளு. பொது அறுவை சிகிச்சைன்னு போட்டிருக்கு. வயிறு, குடலிறக்கம், பித்தப்பை எல்லாம் செய்வாரு. கழுத்து எத்தன செய்வாரு?"

"டத்தோ அக்கா அவரு! எப்படிக் கேக்கறது?"

"நீ கேக்காத. வாயக் காப்பாத்திக்க. நான் கேக்கறேன்."

அப்படியே என் மனைவியோடு சேர்ந்துகொண்டு அவரும் ஜோகூர் பாருவுக்கு வந்துவிட்டார். கடையை மாமாவிடம் விட்டால் எல்லாப் படமும் கோணலாகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

டத்தோ என்னைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார். அறிவிப்பாளர் என்று ஞாபகம் வைத்திருந்தார். நான் பூரித்துப்போய் உட்கார்ந்தேன். அக்கா உட்காரவில்லை. சுவரைப் படித்துக்கொண்டிருந்தார். டத்தோ ஸ்கேனைப் பார்த்து, விளக்கம் சொல்லி, எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று நாட்காட்டியைத் திருப்பும்போது அக்கா திரும்பினார்.

"டத்தோ, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாதிரி கழுத்து ஆபரேஷன் எவ்ளோ நாளைக்கு ஒண்ணு செய்யறீங்க?"

என் மனைவி தரையைப் பார்த்தாள். நான் நாற்காலிக்கு அடியில் ஒளிய இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். டத்தோ கண்ணாடியைக் கழற்றினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"இத்தன வருஷத்துல இத யாருமே என்கிட்ட கேட்டதில்லம்மா. எல்லாரும் எப்ப டத்தோ கெடச்சதுன்னுதான் கேப்பாங்க." நாட்காட்டியை மூடிவிட்டார். "செய்வேன். ஆனா ரெண்டு மூணு மாசத்துக்கு ஒண்ணு வரும். இவருக்குக் குரல்தான் சோறு. வாராவாரம் இதே வேலையச் செய்யற ஒருத்தர் அரசாங்க ஆஸ்பத்திரில இருக்காரு. தைராய்டு அறுவைக்குன்னே தனியாப் படிச்சவரு. என் சம்சாரத்துக்கே அவர்தான் செஞ்சாரு. கடிதம் தரேன், அங்க போங்க."

அன்றைக்கு அந்த மனிதர் மேல் எனக்கு வந்த மரியாதை, மூன்று மேடையில் மூச்சுப் பிடித்து வரவேற்றபோது வந்ததில்லை. வீடு வரும் வழியெல்லாம் அக்கா, "சம்சாரத்தயே அனுப்பிருக்காரு பாத்தியா, சம்சாரத்தயே" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்துபோனதில், அந்த மருத்துவரின் பெயரைக் கேட்கவே மறந்துவிட்டோம். கடிதம் ஒட்டிய உறைக்குள் இருந்தது.

அந்த மறதிதான் அடுத்த கூத்துக்குக் காரணம். அரசாங்க மருத்துவமனையில் காத்திருந்து, அறை எண் வாங்கி, கதவைத் திறந்தோம். சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர். ஒரு சட்டம் இல்லை. ஒரு சீன இளைஞர், முழங்கை வரை சுருட்டிய சட்டையோடு, பிரிண்டருக்குள் சிக்கிய காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தார்.

"டிக், டோக்டோர் மானா?" என்றார் அக்கா. தம்பி, டாக்டர் எங்கே என்று.

"சாயா லா" என்றார் அவர். நான்தான் என்று.

அக்கா பின்வாங்கிக் கதவில் இருந்த பெயர்ப்பலகையைப் படித்தார். பிறகு அந்த மனிதருக்குப் புரியாது என்ற தைரியத்தில் என்னிடம் தமிழில் சத்தமாகவே சொன்னார்: "டாக்டர்னே போடல பாரு. மிஸ்டர்னு போட்டிருக்கு. ஆபீஸ்ல எழுதற கிராணி போலருக்கு. நம்பர மாத்திக் குடுத்துட்டாங்க, வா போலாம்."

"அக்கா, கொஞ்சம் ஒக்காருங்க லா" என்றார் அந்தச் சீனர், ரப்பர் தோட்டத்துத் தமிழில். "போயிட்டீங்கன்னா மறுபடியும் நம்பர் எடுக்கணும், ரொம்ப நேரம் ஆவும்."

அக்கா வாயைப் பிளந்து நின்றதை நான் வாழ்க்கையில் பார்த்தது அந்த ஒரு முறைதான். அந்தச் சீனரின் அப்பாவுக்கு லாயாங் லாயாங் என்ற ஊரில் மளிகைக் கடையாம். தோட்டத்து ஆட்கள் மடியில்தான் வளர்ந்தாராம். எங்களை விட நன்றாகத் திட்டவும் தெரியும் என்றார். காகிதத்தை ஒரு வழியாக இழுத்து எடுத்துவிட்டு, அறுவை மருத்துவர்களுக்குள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அப்படி ஒரு பழக்கம் இருப்பதைச் சொன்னார். அறுவைப் பரீட்சையில் தேறி நிபுணரானதும் டாக்டர் என்பதை விட்டுவிட்டு மிஸ்டர் போட்டுக்கொள்வார்களாம்.

"டாக்டர்ங்கற பேர வாங்க அஞ்சு வருஷம் அக்கா. அத வுடறதுக்கு அதுக்கு மேல பத்து வருஷம்."

அக்கா எத்தனையோ சான்றிதழ் படித்தவர்தான். ஆனால் எந்தச் சான்றிதழிலும் மிஸ்டர் கதை எழுதியிருக்காதே. சுதாரித்துக்கொண்டு போனை எடுத்தார். அவர் முன்னாலேயே பதிவேட்டில் தேடினார். அவரும் சளைக்காமல் தன் பெயருக்கு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தார். பெயர் வந்தது. துறையும் வந்தது. மார்பகமும் நாளமில்லாச் சுரப்பிகளும் என்று தனியாகவே போட்டிருந்தது; தைராய்டு அந்தச் சுரப்பிகளில் ஒன்று. அக்கா நிம்மதியாக உட்கார்ந்தார்.

"கழுத்து எத்தன செய்யறீங்க?"

"வாராவாரம் அக்கா. திங்களும் புதனும்."

"நீங்களே செய்வீங்களா, படிக்கற புள்ளைங்கள வுட்டுச் செய்வீங்களா?"

"புள்ளைங்க பக்கத்துல நிப்பாங்க. இவரு நரம்ப நான்தான் பாப்பேன்."

"கொரலு போவாதுன்னு சொல்ல முடியுமா?"

அவர் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "அப்படிச் சொல்ல மாட்டேன் அண்ணே. அபூர்வம்தான், ஆனா நடக்கும். கொஞ்ச நாளைக்குக் கொரலு கம்மறது அதவிட அதிகமா நடக்கும்."

அக்கா தலையை ஆட்டினார். "கியாரண்டி குடுத்திருந்தீங்கன்னா எந்திரிச்சிப் போயிருப்பேன்" என்றார். உங்கள் சான்றிதழெல்லாம் எங்கே என்று அப்புறம் கேட்டார். அம்மா வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் சுருட்டிக் கிடக்கிறதாம். அக்காவுக்குத் தாங்கவில்லை. கொண்டுவாருங்கள், அகலச் சட்டம் போட்டுத் தருகிறேன் என்றார். அரசாங்கச் சுவரில் ஆணி அடிக்க விட மாட்டார்கள் என்று அவர் சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து அறுவை நடந்தது. கண் விழித்தபோது மனைவியும் அக்காவும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். பேசுங்கள் என்றாள் மனைவி. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. சைக்கிள் டயரில் இருந்து வருமே, அப்படி ஒரு சத்தம்.

சர்ஜன் வந்தார். "நரம்பு முழுசா இருக்கு அண்ணே, நான் கண்ணால பாத்தேன். வீங்கியிருக்கு. கொஞ்ச வாரம் ஆவும்." பத்து நாளில் இன்னொரு செய்தியும் வந்தது. கட்டி கெட்ட கட்டி இல்லை. மனைவி கோயிலுக்கு ஓடினாள். வீட்டில் ஒரே கொண்டாட்டம். நான் பேசாமல் இருப்பதால் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று என் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். பேச வேண்டியதை எல்லாம் நோட்டில் எழுதிக் காட்டினேன். என் கையெழுத்தைப் படிக்க முடியவில்லை என்று மனைவி வேண்டுமென்றே சொன்னாள்.

ஆனால் வாரங்கள் போய்க்கொண்டிருந்தன. மூன்று கல்யாணம் கைவிட்டுப் போனது. என் இடத்தில் மைக் பிடித்தவன் இரண்டு டத்தோக்களை விழுங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டபோதுகூட எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அதைவிட என்னை வருத்தியது அக்காவின் மாற்றம். முதல் வாரம் தினமும் வந்தார். பிறகு வருவது குறைந்தது. நான் கடைக்குப் போனால் முகம் கொடுக்காமல் வேலையைப் பார்த்தார், சித்தப்பா படத்துக்கும் வெள்ளிக்கிழமை வா என்றே தள்ளிப்போட்டார். யாரோ ஒரு பெண் முழங்கால் வலிக்கு டாக்டர் பெயர் கேட்டபோது, "எனக்கு என்ன தெரியும்? நீயே பாத்துக்க" என்று அனுப்பிவிட்டார். மாமாதான் என்னை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். இரவில் தூங்குவதில்லையாம். முதல் தடவை உங்கள் கண், இரண்டாவது தடவை அவன் குரல், இரண்டுக்கும் நான்தானே வழி காட்டினேன் என்று சொல்லி அழுகிறாராம். நான் நோட்டை எடுத்து, நரம்பு முழுசா இருக்கு என்று பெரிய எழுத்தில் எழுதி அக்காவிடம் காட்டினேன். படித்தார். சட்டையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஏழாவது வாரம், ஒரு காலையில் குளியலறையில் தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருந்தது. "ஐயோ" என்றேன். கேட்டது. எனக்கே கேட்டது. இன்னொரு முறை சொன்னேன். அதே குரல், கொஞ்சம் துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். துண்டோடு ஓடிவந்து மனைவி பெயரைச் சொன்னேன். அவள் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. அழுதாள், சிரித்தாள், பிறகு, "மொதல்ல அக்காகிட்ட போங்க" என்று கார் சாவியைக் கையில் திணித்தாள்.

அக்கா எனக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி வெட்டும்போது அவர் யாருக்காகவும் திரும்ப மாட்டார். பாதியில் நின்றால் கண்ணாடி வீண். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வரவேற்புரை எதுவும் வாயில் வரவில்லை.

"அக்கா, சித்தப்பா படம் ரெடியா?" என்றேன்.

"வெள்ளிக்கெழம வானு எத்தன தடவ சொல்றது?" என்றார், திரும்பாமல். "கடைக்குள்ள வந்து மைக் புடிச்ச மாதிரி கத்தாத லா, கண்ணாடி கோணிடும்."

கோட்டில் பாதி போயிருந்த கட்டர் நின்றது. அவர் தோள் அசையவில்லை. பட்டறை மூலையில் ஆணி எண்ணிக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி" என்றார் அக்கா. இன்னும் திரும்பவில்லை. "இன்னொரு தடவ சொல்லு."

"சித்தப்பா படம் ரெடியா?"

"இன்னொரு தடவ."

சொன்னேன். கண்ணாடி வீணாகட்டும் என்று கட்டரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக, "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பரோட்டாக் கடைக்காரர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். நானும் நிறுத்தவில்லை. அன்றைக்கு எங்கள் சித்தப்பா படம் ரெடியா, ரெடியா என்று பத்து முறையாவது கேட்டிருப்பேன்.